முதியோர் வாய்மொழியும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

(மலையடிவாரப் பஞ்சாயத்துகளின் அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிவகாசியின் கதையை இங்கு கூடியிருப்போர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1923 ஆம் ஆண்டில் சண்முக நாடாரும் அய்ய நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்று வந்ததும், பின்னர் அச்சுத் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இக்கரிசல் பூமியில் வேரூன்றியதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அந்த வரலாற்றுக்குக் காகிதம் உண்டு. பதிவேடு உண்டு, உரிமம் உண்டு, வண்ண வண்ணமாய் லேபிள்களும் உண்டு. நாட்டுக்கெல்லாம் நாட்காட்டி அச்சிட்டுத் தரும் ஊர் தன் பிறந்த தேதியை மறந்துவிடுமா?

அதே சிவகாசியில் மேற்கு நோக்கிப் பேருந்து ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் வரும். அதற்கும் மேற்கே மலையடிவாரத்தில் இருப்பது செண்பகத்தோப்பு. வத்திராயிருப்பு வட்டாரத்தில் சதுரகிரிக்கு ஏறும் வழியில் தாணிப்பாறை இருக்கிறது. தெற்கே இராசபாளையத்தை அடுத்து அய்யனார் கோயில். இவ்விடங்களிலெல்லாம் பளியர் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். தேன், கடுக்காய், நெல்லி முதலிய வனப்பொருள்களைச் சேகரித்தும், தோட்டங்களில் கூலி வேலை செய்தும் வாழ்பவர்கள். நேற்றைய தலைமுறை வரை மலைக்குள்ளேயே வள்ளிக்கிழங்கு அகழ்ந்து உண்டு, பாறைக் குகைகளிலும் இலைக் குடில்களிலும் தங்கி, இடம் மாறி இடம் மாறி வாழ்ந்தவர்கள். “எத்தனை காலமாக இங்கு இருக்கிறீர்கள்?” என்று சட்டம் அவர்களைக் கேட்கும்போது, எடுத்து நீட்டுவதற்குப் பழைய காகிதம் அவர்களிடம் மிகக் குறைவு. அவர்களிடம் உள்ளது முதியவர்களின் நினைவு. அந்த நினைவைக் கேட்டுப் பதிவு செய்யும் பணியில், பளியர் சமூகத்திலிருந்தே வந்த பணியாளர்களோடு பஞ்சாயத்தும் நமது அலுவலகமும் எவ்வாறு இணைந்து செல்வது என்பதைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

“காடு வனத்துறையின் பொறுப்பு, பழங்குடியினருக்குத் தனி இலாகா இருக்கிறது, வாய்மொழி வரலாறு கல்லூரிப் பேராசிரியர்களின் வேலை, இதில் பஞ்சாயத்துக்கு என்ன?” என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நியாயமான கேள்வியே. இதற்கு விடை 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு டிசம்பர் 13 ஆம் தேதிக்கு முன்பிருந்து வனத்தில் வாழ்ந்தும் வனத்தையே பிழைப்புக்குச் சார்ந்தும் வரும் பழங்குடிக் குடும்பத்திற்கு, அது பயன்படுத்தி வரும் நிலத்தின்மீது 4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழப் பத்து ஏக்கர், வரையில் உரிமை அங்கீகரிக்கப்படலாம். சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமை, மேய்ச்சல் உரிமை, சமூகத்திற்குப் பொதுவான வனத்தைக் காத்துப் பேணும் உரிமை ஆகியனவும் இச்சட்டத்தில் அடங்கும். இவற்றைக் கோரும் மனு முதலில் வருவது கிராம சபைக்கு. அச்சபையைக் கூட்ட வேண்டியது பஞ்சாயத்து. மனுக்களை விசாரித்து இடத்தை நேரில் பார்க்கும் வன உரிமைக் குழுவை, பத்து முதல் பதினைந்து பேர் கொண்டதாக, கிராம சபையே தேர்ந்தெடுக்கிறது. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினராகவும், மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாகவும் இருக்க வேண்டும். கிராம சபையின் தீர்மானம் அடுத்துச் செல்லும் கோட்ட அளவிலான குழுவிலும் பஞ்சாயத்து யூனியன் மட்டத்து அங்கத்தினர் மூவருக்கு இடம் உண்டு. ஆகவே இன்று இங்கே கேட்டுக்கொண்டிருப்போரில் சிலர் நாளை தீர்ப்புக் கூறும் இடத்தில் அமரக்கூடும்.

இனி, சாட்சியம் எது என்பதைப் பார்ப்போம். 2008 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வெளியான விதிகளில் 13 ஆவது விதி இதை விளக்குகிறது. அரசாங்கப் பதிவேடுகள், வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை முதலியன ஒருபுறம் இருக்க, வீடு, குடிசை, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகிய அடையாளங்களும் சாட்சியமாகும். மனுதாரர் அல்லாத முதியோர் கூறி எழுத்தில் வடிக்கப்பட்ட வாக்குமூலமும் சாட்சியமாகும். ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சியம் வேண்டும் என்பதும் விதி. 2012 இல் செய்த திருத்தம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது: இன்ன காகிதம்தான் வேண்டும் என்று எந்தக் குழுவும் வற்புறுத்தலாகாது, மனுவை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கூற வேண்டும். செண்பகத்தோப்பில் ஒரு மூதாட்டி தன் தகப்பனைப் புதைத்த இடத்தைக் கைகாட்டிச் சொல்லும் சொல், சட்டத்தின் கண்ணில் வருவாய்த்துறைப் பதிவேட்டின் அருகே வைத்துப் பார்க்கத்தக்கது. இதை நம்மில் பலர் இன்னும் மனதார ஏற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. முத்திரையில்லாத எதையும் நம்பாத பழக்கம் நம் அலுவலகங்களில் நெடுநாளையது.

நமது மாநிலத்தில் இச்சட்டத்தின்கீழ் உரிமைப் பட்டயம் வழங்குவது, 2008 இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால் பல ஆண்டுகள் தடைப்பட்டிருந்தது. 2016 இல்தான் வழி திறந்தது. அந்த எட்டு ஆண்டுகளில் முதியோர் எத்தனை பேர் மறைந்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். காகிதமாயிருந்தால் பீரோவில் காத்திருக்கும். மனிதர் காத்திருப்பதில்லை. இதற்கிடையே 1988 இல் ஏற்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. வனவிலங்குகளைக் காப்பது நாட்டுக்கு வேண்டிய காரியமே. அதில் இரு கருத்து இல்லை. ஆனால் உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடிவதற்கு முன் வனவாசி எவரையும் அகற்றலாகாது என்பதும் சட்டமே. அந்த வேலையைத் தாமதமின்றியும் நேர்மையாகவும் முடித்துவிட்டால் வனத்துறைக்கும் நன்மை, பளியருக்கும் நன்மை.

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். கேட்பவர் யார்?

நாமோ, கல்லூரியிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவரோ, சட்டையும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்து, “பாட்டி, நீங்கள் ஐம்பது வருஷமாக இங்கேதானே இருக்கிறீர்கள்?” என்று கேட்டால், “ஆமாம்” என்றே விடை வரும். “இல்லை, நடுவில் போய்விட்டு வந்தீர்களாமே?” என்றால் அதற்கும் “ஆமாம்” என்றே வரும். அது பொய்யன்று, வெளியாரோடு வாதாடாமல் ஒதுங்கிக் கொள்ளும் பண்பு. அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1962 முதல் 1964 வரை பளியரிடையே தங்கி ஆராய்ந்தார். ஒருவரை ஒருவர் விஞ்ச முற்படாமை, யாவரையும் சமமாக மதித்தல், சச்சரவு வந்தால் விலகிச் செல்லுதல் ஆகியவற்றை இம்மக்களின் அடிப்படைப் பண்புகளாக அவர் எழுதியிருக்கிறார். இன்னொன்றையும் அவர் கண்டார். பளியரின் அறிவு குருவிடம் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் அறிவன்று. அவரவர் தம் அனுபவத்தில் கண்டு தெளிந்த அறிவு. ஆகையால் ஒரே செடிக்கு இருவர் இரு பெயர் கூறுவதும், ஒரே சம்பவத்தை இருவர் வேறுவிதமாகக் கூறுவதும் அவர்களிடையே இயல்பு.

இது ஆராய்ச்சியாளருக்கு மட்டும் உரிய விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். மூன்று முதியவர்கள் மூன்று விதமாகச் சொன்னால், நமது வழக்கப்படி என்ன செய்வோம்? “முரண்பாடான வாக்குமூலம்” என்று எழுதி மனுவை ஓரங்கட்டுவோம். அல்லது உதவி செய்யும் நல்லெண்ணத்தால், மூன்றையும் ஒன்றாக்கி, ஒரே வாசகத்தை மூவர் பெயரிலும் எழுதிக் கைநாட்டு வாங்குவோம். முன்னதைவிடப் பின்னதே அதிகக் கேடு செய்வது. ஒரே அச்சில் வார்த்த பத்து வாக்குமூலங்களை மேல்நிலைக் குழு பார்த்தால், யாரோ எழுதிக் கொடுத்தது என்று சந்தேகிக்கும். அந்தச் சந்தேகம் உண்மையாகவும் இருக்கும். ஒரு முதியவர் ஓடையின் வடகரையில் குடிசை இருந்தது என்கிறார். மற்றவர் தென்கரை என்கிறார். ஓடை வெள்ளத்தில் திசை மாறிய கதையை மூன்றாமவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சொன்னபடியே எழுதினால்தான் அங்கே குடிசை இருந்ததும் மக்கள் இருந்ததும் உறுதிப்படும்.

பிற நாடுகளிலும் இச்சிக்கல் எழுந்தது. கனடா நாட்டின் மேற்கு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிட்சான், வெட்சுவெட்டன் என்னும் பழங்குடியினர் தங்கள் பூமிக்காக வழக்குத் தொடுத்து, தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த வரலாறுகளையும் பாடல்களையும் சாட்சியமாக நீதிமன்றத்தில் வைத்தனர். 1991 இல் விசாரணை நீதிபதி அவற்றுக்குத் தனி மதிப்பளிக்க மறுத்துவிட்டார். 1997 டிசம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வாய்மொழி வரலாற்றை ஆவணங்களுக்குச் சமமான நிலையில் வைத்து ஆராய வேண்டும் என்று கூறி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டது. நிலம் உடனே கைக்கு வந்துவிடவில்லை. ஆயினும் முதியோர் சொல் நீதிமன்ற வாசலில் செருப்போடு கழற்றி வைக்க வேண்டியதன்று என்பது நிலைபெற்றது. நமது நாட்டின் சட்டமோ வழக்கின்றியே அந்த மதிப்பை அளித்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் முறைதான் நமக்குப் பழக வேண்டும்.

பழங்குடியினர் பகுதிகளில் அவர்களிலிருந்தே ஆட்களைப் பயிற்றுவித்துப் பணியில் அமர்த்த வேண்டும் என்பது புதிய யோசனையன்று. வெரியர் எல்வின் எழுதிய நூலொன்றுக்கு 1958 இல் வழங்கிய முன்னுரையில் பண்டித நேரு இதைக் கொள்கையாகவே வகுத்தார். செலவிட்ட பணத்தையும் புள்ளிவிவரத்தையும் கொண்டு வேலையின் பலனை அளக்கலாகாது என்பதும் அவர் அங்கே கூறியதே. 1952 அக்டோபர் 2 ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாள் முதல் நமது வட்டாரங்களில் எத்தனையோ பணியாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆனால் ஒரு சிறு குடியிருப்பின் பேச்சையும் உறவு முறையையும் அறிந்து, முன்னிரவில் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கேட்கக்கூடியவர் அக்குடியிருப்பைச் சேர்ந்தவரே. பள்ளிப் படிப்பு முடித்த பளியர் இளைஞர், அங்கன்வாடியில் பணிபுரியும் பெண், மகளிர் குழுவை நடத்துபவர் என யாராயினும் சரி, இந்தப் பணியில் அவரே முன்னே செல்ல வேண்டும். நாம் பின்னே நிற்க வேண்டும்.

பின்னே நிற்பது என்றால் சும்மா நிற்பதன்று. அவரால் செய்ய இயலாதவற்றை நாம் செய்து கொடுக்க வேண்டும். வனத்துறையின் அனுமதியும், உடன் வர ஒரு வனக்காவலரும் தேவை. அதற்கு எழுத வேண்டியது நமது அலுவலகம். கிராம நிர்வாக அலுவலரையும் பழங்குடியினர் நல இலாகாவினரையும் ஒரே நாளில் வரச் செய்ய வேண்டியதும் நாமே. ஒருநாள் இவர், மறுவாரம் அவர் என்று வந்து ஒரே கேள்வியைக் கேட்டால் முதியவர்கள் சலித்துப் போவார்கள். கல்லூரி ஆராய்ச்சியாளர் வந்தால், அவருக்கு வேண்டிய கேள்விகளைப் பளியர் பணியாளரிடம் முன்கூட்டியே கொடுத்து, எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கலாகாது, எந்தச் சொல்லால் கேட்பது என்பதை அவரே முடிவு செய்யும்படி விட வேண்டும். தேன் எடுக்கும் பருவத்தில் கேட்கப் போகலாகாது. வீட்டில் ஆள் இருக்கமாட்டார். இறந்தவர் பெயரைச் சொல்ல ஒருவர் தயங்கினால் வற்புறுத்தலாகாது. உறவு முறையைச் சொன்னால் போதும். பெண்களிடம் பெண் பணியாளர் தனியே கேட்பது நலம். பிரசவம் நடந்த இடம், தண்ணீர் எடுத்த ஊற்று, கிழங்கு அகழ்ந்த சரிவு ஆகியவை பெரும்பாலும் அவர்கள் நினைவிலேயே இருக்கும். இவையன்றோ குடியிருப்புக்கு வலுவான அடையாளங்கள்?

கூலி விஷயத்தை வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பளியர் பணியாளர் எழுதவும் நடக்கவும் செலவிடும் நாளுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். நாள் முழுவதும் மலையேறி இடம் காட்டும் முதியவர் அன்றைய கூலியை இழக்கிறார். அதையும் ஈடு செய்ய வேண்டும். ஆராய்ச்சியாளர் சம்பளம் பெறுகிறார், அலுவலர் பயணப்படி பெறுகிறார், அறிவைத் தருபவர் மட்டும் தேநீரோடு திருப்தியடைய வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? கூலி கொடுத்தால் விலைக்கு வாங்கிய சாட்சி என்று கூறிவிடுவார்களோ என்று அஞ்சுவோர் உண்டு. நாள் கூலியைக் கிராம சபைத் தீர்மானத்திலேயே எழுதி, எல்லோருக்கும் ஒரே அளவாகக் கொடுத்தால் அந்தப் பேச்சுக்கு இடமிராது.

இடத்திற்கு நடந்து சென்று கேட்பதே சிறந்த முறை. வீட்டுத் திண்ணையில் “நினைவில்லை” என்பவர், பழைய குகையின் முன் நின்றவுடன் யார் யார் எங்கே படுத்தார்கள் என்பது வரை சொல்வார். அவ்விடத்தைக் கைபேசியிலுள்ள கருவியால் குறித்துக்கொண்டு, பின்னர் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். செயற்கைக்கோள் படம் மற்றச் சாட்சியங்களுக்குத் துணையாகலாமேயன்றி அவற்றுக்கு மாற்றாகாது என்று விதியே சொல்கிறது. இலைக் குடிலும் கிழங்குக் குழியும் எந்தப் படத்தில் தெரியும்?

காலத்தைக் குறிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. “எந்த வருஷம்?” என்று கேட்டால் விடை கிடைக்காது. எல்லோரும் அறிந்த சம்பவத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். காமராஜர் முதன்மந்திரியாக இருந்தது 1954 முதல் 1963 வரை. இந்திரா காந்தி அம்மையார் மறைந்தது 1984. ராமநாதபுரத்திலிருந்து நமது ஜில்லா பிரிந்தது 1985. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. இவற்றுள் கடைசித் தேதி நமக்குப் பெரிதும் உதவும். சட்டம் கூறும் 2005 டிசம்பர் 13 க்கு அது ஓராண்டுக்குச் சற்றுக் குறைவாகவே முந்தியது. “சுனாமி வந்த செய்தி கேட்டபோது இந்தக் குடிசை இருந்ததா?” என்ற கேள்விக்கு முப்பது வயதுடையவரும் விடை சொல்வார். முதல் பிள்ளை அப்போது கைக்குழந்தையா, ஓடித் திரிந்ததா என்று கேட்டால் இன்னும் நெருங்கலாம்.

வாக்குமூலம் தருபவர் மனுதாரராக இருக்கலாகாது என்பதை முன்னரே கூறினோம். இருபது வீடு உள்ள குடியிருப்பில் இருபது குடும்பமும் மனுச் செய்திருந்தால் யார் சாட்சி சொல்வது? இங்கேதான் ஒரு பஞ்சாயத்து மற்றொரு பஞ்சாயத்துக்குக் கைகொடுக்க வேண்டும். பளியர் இடம்விட்டு இடம் சென்று வாழ்ந்தவர்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். செண்பகத்தோப்புக் குடும்பத்தின் பழைய கதையைத் தாணிப்பாறையில் உள்ள உறவினர் அறிந்திருக்கக் கூடும். இரு ஊர்ப் பணியாளர்களையும் ஒருவரோடொருவர் சந்திக்கச் செய்தால் இந்த முடிச்சு அவிழும். இடம் மாறி வாழ்ந்ததை ஒரு குறையாக எழுதலாகாது. மழைக்கு ஓரிடம், வெயிலுக்கு ஓரிடம் என்று இருந்தவர்கள் இரண்டு இடத்தையும் பயன்படுத்தினார்கள் என்பதே அதன் பொருள்.

கேட்டதையெல்லாம் எழுதிவிடலாமா என்றால், கூடாது. அகத்தியமலையில் நடந்ததை அறிந்துகொள்வது நல்லது. 1987 இல் காணிக்காரப் பழங்குடியினர் சிலர், தம்மோடு மலையேறிய விஞ்ஞானிகளிடம் களைப்பு நீக்கும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியைக் காட்டினர். திருவனந்தபுரம் அருகேயுள்ள தாவரவியல் ஆராய்ச்சி நிலையம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 10 லட்சம் ரூபாய்க்கு ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் அளித்தது. அதில் பாதி காணிக்காரருக்கு என்று ஒப்புக்கொண்டது. 1997 இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது. பலன் பகிர்வுக்கு முன்னோடி என்று உலகம் இதைப் புகழ்ந்தது. ஆனால் வேறு பகுதிக் காணிக்காரரும், பிளாத்தி எனப்படும் அவர்களது வைத்தியர்களும், தங்களைக் கேளாமலே தங்கள் அறிவு கைமாறியது என்று முறையிட்டனர். ஆகையால் நிலத்திற்கான வாக்குமூலத்தில் மருந்துச் செடியின் பெயரும் அது வளரும் இடமும் வரத் தேவையில்லை. 2002 ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி பஞ்சாயத்து தயாரிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டிலும், எதை எழுதலாம் என்பதைச் சொன்னவரே தீர்மானிக்கட்டும். ஒலிப்பதிவின் ஒரு பிரதி அக்குடியிருப்பிலேயே இருக்க வேண்டும். ஆராய்ச்சியாளர் பிரதி கேட்டால் குடியிருப்பைக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும்.

விவசாயிகளுக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் கண்மாய்க்கு வரும் ஓடை மலையில் எங்கே பிறக்கிறது, எந்த ஊற்று எந்த ஆண்டில் வற்றியது, யானை முன்னாளில் எவ்வழியே இறங்கியது என்பவற்றை மலையில் வாழ்ந்தவரைக் காட்டிலும் அறிந்தவர் யார்? அன்றியும், மலையில் மாடு மேய்த்து வந்த உங்கள் குடும்பங்களும் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, வனத்தைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் இதே சட்டத்தின்கீழ் கோரிக்கை வைக்கலாம். அதற்கும் முதியோர் வாக்குமூலமே வேண்டியிருக்கும். இன்று பளியருக்கு நாம் பழகும் முறை நாளை உங்களுக்கும் பயன்படும். சிவகாசிப் பக்கத்து அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல்: தொழில் தொடங்கியவர்களின் வரலாறு அச்சாகிவிட்டது, வீட்டில் அமர்ந்து தீப்பெட்டி ஒட்டிய பாட்டிமாரின் வரலாறு அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அதை அவர்கள் பேத்திகளைக் கொண்டு கேட்கச் சொல்லுங்கள்.

வரும் கிராம சபையில் மலையடிவாரப் பஞ்சாயத்துகள் மூன்று தீர்மானங்களை எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பளியர் பணியாளர்களின் பெயர்களை அவர்கள் குடியிருப்பே முன்மொழிய வேண்டும். அவர்களுக்கும் முதியோர்க்கும் உரிய நாள் கூலியை நிச்சயிக்க வேண்டும். எழுதிய வாக்குமூலம் ஒவ்வொன்றையும், அதைச் சொன்னவர் முன்னிலையில், அவர்கள் பேச்சிலேயே உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையொப்பமோ கைநாட்டோ பெற வேண்டும். படிக்கும்போது, “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று ஒருவர் சொன்னால் அந்த வரியை அடித்து, அவர் சொல்லுவதை எழுத வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்களின் பட்டியலை முதலில் தயாரியுங்கள், அவர்களிடமிருந்து தொடங்குவோம். வனத்துறைக்கும் வட்டாட்சியருக்கும் எழுத வேண்டிய கடிதங்களை, உங்கள் தீர்மானம் வந்த வாரத்திலேயே நமது அலுவலகம் அனுப்பிவிடும்.